படத்துக்குக் கீழே என் பெயர்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரோமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறேழு வருசம் கோப்பை கழுவினேன். பிறகு லண்டன் வந்து ஃபாரஸ்ட் கேட்டில் சொந்தக் கடை போட்டேன். பக்கத்துக் கடையையும் நானே வாங்கினேன். இதில் ஒருத்தருடைய தயவும் இல்லை. சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டளவில், டவுனுக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக அங்கிருந்த பெரிய ஓவியக் கலரிக்குள் போனேன். உள்ளே சுவரில் என்னுடைய ரோம். ஆறு, வட்டமான கோட்டை, பின்னால் பெரிய கோயிலின் கோபுரம், நடுவில் நான் தினமும் வேலைக்கு நடந்த பாலம். இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி ஒரு இங்கிலாந்துக்காரன் படமாகக் கீறினதாம்.

பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. தேன் நிறத்தில் வெயில், கரையில் சாய்ந்து கிடக்கிற ஆட்கள். வேலை செய்கிறவன் ஒருத்தனும் இல்லை. கீறினவன் ஆருடைய காசிலோ போய், மேட்டில் இருந்து ஆறுதலாகக் கீறியிருக்கிறான். விசா எங்கே என்று அவனை ஆரும் மறித்திருக்க மாட்டார்கள். நாங்கள் அதே ஆற்றங்கரையில் பொலிசைக் கண்டு ஒளித்துத் திரிந்தோம்.

ஆனாலும் அந்தப் பாலத்தை விட்டு வர மனமில்லை. கலரிக் கடையில் அதன் பெரிய அச்சுப் பிரதி ஒன்றை வாங்கி, நல்ல மரத்தில் பிரேம் போட்டு, எங்கள் பங்குக் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்தேன். தமிழ்ப் பூசை முடிய எங்கள் சனம் தேத்தண்ணி குடிக்கிற இடம் அது. படத்தின் கீழே பித்தளைத் தகட்டில் ‘அன்பளிப்பு’ என்று என் பெயர்.

அடுத்த ஞாயிறு படம் இருந்தது, தகடு இல்லை. திருகாணி போன ஓட்டைதான் மிச்சம். பங்குச் சபைச் செயலாளரைப் பிடித்தேன். என்னிலும் இளையவர், அக்கவுண்டன்ட்.

“தம்பி, தகடு எங்கை?”

“கழட்டி வைச்சிருக்கிறன் அண்ணை. ஊரிலை டியூப் லைட்டிலை உபயம் எண்டு எழுதுற மாதிரிக் கிடக்கு. இந்த நாட்டிலை ஆரும் அப்பிடிச் செய்யிறேல்லை. வெள்ளைக்காரர் கண்டால் சிரிப்பினம்.”

என் படம் வேணும், என் பெயர் வேண்டாம். எனக்கு விசர் வந்தது. சனிக்கிழமை அவரைக் கலரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “எனக்குப் படம் கிடம் விளங்காது அண்ணை” என்று வழி முழுக்க முணுமுணுத்தார். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விவரத் துண்டைக் காட்டினேன்.

“வாசியும்.”

வாசித்தார். திரும்பவும் வாசித்தார். “அன்பளிப்பு எண்டுதான் கிடக்கு.”

“ஆரின்ரை பேர்?”

“ஒரு பிரபுவின்ரை.” பிறகு சிரித்தார். “அண்ணை, அவர் பிரபு. நீங்கள் அங்கை கோப்பை கழுவினனீங்கள்.”

பகிடிக்குத்தான் சொன்னார். ரயிலில் தள்ளிப் போய் இருந்தேன். பிரபு கொடுத்தது அப்பன் விட்ட சொத்தாக இருக்கும். அவர் அந்தப் பாலத்தில் கால் வைத்தாரோ ஆருக்குத் தெரியும்? நான் வெடித்த கையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு பனிக்குள் அதில் நடந்தவன். அந்தப் படத்துக்குக் கீழே பெயர் போட எனக்கில்லாத உரித்து வேறு ஆருக்கு இருக்கிறது?

முந்தினதிலும் பெரிதாக ஒரு தகடு செய்வித்தேன். என் பெயருக்குக் கீழே தமிழிலும் இங்கிலிசிலும் வெட்டச் சொன்னேன்: ‘இந்தப் பாலத்தால் போய்க் கோப்பை கழுவியவர்.’

ஞாயிறு பூசை முடிந்து சனம் தேத்தண்ணியோடு நிற்க, கதிரையில் ஏறி நானே அதைப் பூட்டத் தொடங்கினேன்.

“அண்ணை, இது கொமிட்டியிலை கதைக்க வேண்டிய விசயம்” என்றார் செயலாளர்.

“கதையும். நான் பூட்டி முடிக்கிறன்.”

கடைசி ஆணியை முறுக்கும்போது, நோர்பரியில் இருந்து பூசைக்கு வருகிற ஒருவர் கதிரைக்குக் கிட்ட வந்து தகட்டை வாசித்தார்.

“நானும் ரோமிலை கழுவினனான் அண்ணை. என்ரை பேரையும் இதிலை போடேலாதோ?”

“நீர் வேறை படம் வாங்கித் தாரும்” என்றேன்.