டிரைவரின் சிவந்த கன்னம்

பள்ளி வேன் டிரைவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் அவருடைய முகம் அதை ஒப்புக்கொள்ளாமல் அடம்பிடித்தது. காலையிலேயே கன்னமும் மூக்கும் சிவந்து, சிறு பருக்களோடு எரியும். பனைமரத்தின் கீழ் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள்; இந்த மனிதருக்கோ எங்கே நின்றாலும் பனைமரத்தடிதான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார் என்று ஒரு தாய் பள்ளியில் புகார் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் வண்டியை எடுக்கும் முன் மது சோதிக்கும் கருவியில் ஊத வேண்டும். அது பூஜ்யம்தான் காட்டியது.

"மிஷினை நம்புறதா, உன் மூஞ்சியை நம்புறதா?" என்றார் பள்ளி மேலாளர். "மாசக் கடைசில பெத்தவங்களைக் கூப்பிடறேன். அவங்க வேணாம்னா குழந்தைங்க வண்டி உனக்கு இல்ல."

மனைவி அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இது ரோசேசியா, முகம் சிவந்து போற தோல் நோய். தொத்தாது, ஒரேயடியா போகவும் போகாது. அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர். டிரைவர் கடையில் தானாக வாங்கிப் பூசிய கிரீமை நிறுத்தச் சொல்லி வேறு களிம்பு எழுதினார். "எது கிளப்பி விடுதுன்னு குறிச்சு வைங்க."

என்ஜினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது வைத்துத் தேடுகிற ஆள் டிரைவர். இப்போது தன் முகம் சிவப்பதன் காரணத்தைத் தேட ஆரம்பித்தார். ஜன்னல் பக்கக் கன்னம் மட்டும் ஏன் அதிகம் எரிகிறது? வெயில். காரம் தின்ற அன்று? ஆமாம். வாழைப்பழம்? பாவம், அதன்மேல் குற்றமில்லை. ஊதும்போது வாயில் எந்த வாடையும் இருக்கக் கூடாதென்று கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பாரே, அதுதான் பெரிய எதிரி. குடித்த பத்தாவது நிமிடம் முகம் பழுத்துவிடும். யோக்கியன் என்று காட்டப் போய் தானே வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறார்!

தேநீரை ஆற வைத்தார். வெயிலுக்கும் களிம்பு பூசினார். பருக்கள் அடங்கின.

மாதக் கடைசியில் பெற்றோர் முன் நின்றார். இருபது பேர் ஒரே முகத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா? கன்னம் சூடேறியது. ஆனாலும் குனியவில்லை.

"இப்ப சிவக்குது பாருங்க. நீங்க எல்லாரும் பார்க்கறதாலதான். ரெண்டு நிமிஷத்துல மூக்கும் சேர்ந்துக்கும்" என்று நோயை விளக்கினார்.

சொன்னபடி சேர்ந்துகொண்டது. எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். புகார் எழுதிய தாய் எழுந்தார்.

"நாளைக்கும் ஏழரைக்குத்தானே வருவீங்க?"

"ஏழு இருபத்தஞ்சுக்கே வந்து நிப்பேம்மா" என்றார் டிரைவர்.