அக்காவின் காது

அக்காவின் காதைப் பார்த்து நான் பொறாமைப்பட்ட காலம் ஒன்று உண்டு. அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. ஜப்பான்காரர்கள் ஜோகூருக்குள் வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

குளுவாங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு விமானத் திடல் இருந்தது. தோட்டத்து லயக் குடியிருப்பு ஆண்களை அங்கே வேலைக்குப் பிடித்துப்போனார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது தீ மூட்டும் வேலை. இரவில் குண்டு போடப் போன விமானங்கள் விடியற்காலையில் திரும்பும்போது பனிமூட்டத்தில் தரை தெரியாது. ஓடுபாதையோரம் பீப்பாய்களில் ஒட்டுப்பாலை, அதாவது காய்ந்த ரப்பர் பாலை, கொளுத்தினால்தான் இறங்க முடியும். முன்கூட்டியே கொளுத்தினால் வெள்ளைக்காரன் விமானம் பார்த்துவிடும். அதனால் சத்தம் கேட்ட பிறகே கொளுத்த வேண்டும்.

ஒருநாள் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோன அக்கா, அந்தச் சத்தத்தை எல்லோருக்கும் முன்னால் கேட்டுச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஜப்பான் அதிகாரி அவளைத் தினமும் வரச் சொன்னான். அவள் கையைத் தூக்கினால் அப்பா ஓடிப்போய்ப் பற்றவைப்பார். அவளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கிடைக்கும். எனக்கும்தான் இரண்டு காது இருக்கிறது என்று அழுது அடம்பிடித்து, ஒருநாள் நானும் கூடப் போனேன்.

அதற்கு முந்தின நாள், திடலில் குண்டு ஏற்றும் ஒருவர், அக்காவும் பக்கத்தில் இருக்க, அம்மாவிடம், விமானமெல்லாம் சிங்கப்பூர் துறைமுகத்துக்குத்தான் போகிறது என்று சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கேதான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுததை நானும் பார்த்தேன். பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் வானத்தைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கழுத்து விறைத்தது. கேட்டுவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் கை எழவில்லை. பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும் அந்த முனகல் கேட்டது.

"அப்பா, வருது!" என்று கத்தினேன்.

தீ எரிந்தது. விமானம் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, குதித்துக் குதித்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவன், மீசைகூட முளைக்காதவன், புல்லில் குப்புறப் படுத்து மண்ணைத் தட்டிக்கொடுத்தான். பொட்டலம் எனக்குக் கிடைத்தது.

திரும்பி வரும்போது அப்பா அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சுப்பா."

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, "யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

மாமா திரும்பி வரவே இல்லை. எந்த இரவுக் குண்டில் போனார் என்றும் தெரியவில்லை. அன்று அந்த விமானம் மோதியிருந்தால் அப்பாவின் தலை போயிருக்கும் என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அன்று வீட்டில் பிஸ்கட்டை நீட்டினேன். அம்மாவும் தொடவில்லை, அக்காவும் தொடவில்லை. முழுப் பொட்டலத்தையும் நானே தின்று தீர்த்தேன். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் அவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்று, அந்த ஒரு வாரமும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.