என் தம்பியின் வலது முழங்காலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்

என் தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வயது நாற்பத்தாறு. அவன் கை படாத உயரக் கட்டடம் இந்த ஊரில் குறைவு என்று நான் சொன்னால், "அக்கா, கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பான். குறைக்க ஒன்றுமில்லை. அவனிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்: நூற்றுப் பதினான்கு கட்டடங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் வேறு ஆள். கிடங்குகளுக்குப் பின்னால் நாலு பக்கமும் வலை கட்டிய ஒரு சின்னத் திடல் இருக்கிறது. அங்கே பக்கத்துக்கு ஐந்து பேராகக் கால்பந்து ஆடுகிறார்கள், பதினோரு வருடமாக. ஒருத்தரும் பெரிய ஆட்டக்காரர் கிடையாது. பேக்கரிக்காரர் கோல் காப்பார். குனிந்தால் நிமிர நேரமாகும். கணக்கு வாத்தியார் தப்பாட்டம் என்று கத்தி முறையிடுவார், முறையிட நடுவரே இல்லை என்பதை மறந்துவிட்டு. பஸ் டிரைவர் ஒருத்தர் உண்டு. ஓட ஆரம்பித்தால் அவருக்கு பிரேக் பிடிக்காது. தம்பி மனைவியின் அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் கால் சுமார், வாய் பிரமாதம்.

இவர்களை இரண்டு அணியாகப் பிரிப்பது என் தம்பி. லிஃப்ட் பெட்டிக்கு மறுமுனையில் ஓர் எடை தொங்குமாம். இரண்டும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தால்தான் மோட்டார் திணறாதாம். அந்தக் கணக்கிலேயே ஆட்களையும் பிரிப்பான். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யாருக்கு இடுப்பு வலி, யாருக்குப் புது ஷூ, யார் முந்தின நாள் விருந்துக்குப் போய்வந்தார் என்பதெல்லாம் பார்த்து எழுதுவான். ஒரு பக்கம் ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டால், தோற்றவர்கள் மறந்த பிறகும் இவன் புதன்கிழமை வரை புலம்பிக்கொண்டிருப்பான்.

போன வருடம் ஆட்டத்தில் திரும்பும்போது உடம்பு திரும்பியது, வலது முழங்கால் திரும்பவில்லை. அறுவைச் சிகிச்சை ஆயிற்று. நாலாம் மாதம் வேலைக்குப் போய்விட்டான். ஆட்டத்துக்குத்தான் அனுமதி இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு தவறாமல் திடலுக்குப் போய் வலைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவான். எல்லோரும் வந்து கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். "கால் காலாத்தான் இருக்கு. நீங்க பந்தைப் பாருங்க" என்பான்.

நான் துணி தைக்கிறவள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். திங்கள்தோறும் அவனுடைய இரண்டு தொடையையும் அளந்து குறித்தேன். முதல் வாரம் வலது தொடை மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஒன்பதாம் மாதம் அரை சென்டிமீட்டருக்கு வந்தது. அப்படி அளந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் சொன்னான்.

"படி ஏறுறேன், வேலை செய்யறேன், எல்லாம் சரிதான். ஆனா வலைக்கு வெளியே உக்காந்து கை தட்டுற ஆளாவே ஆயிடுவேனோன்னு பயமா இருக்குக்கா."

நான் நாடாவைச் சுருட்டினேன்.

அந்த மாதமே டாக்டர், "ஆடலாம். வயசை ஞாபகம் வச்சுக்கிட்டு ஆடுங்க" என்றார். நான் சனிக்கிழமை மத்தியானம் தையல் மெஷினை மூடிவிட்டு ஒவ்வொருத்தருக்காகப் போன் செய்தேன். "அவன் கால் பக்கம் போயிடாதீங்க. பந்து அவன்கிட்ட இருந்தா விட்டுடுங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க." எட்டுப் பேரும் சரி என்றார்கள். பஸ் டிரைவர் மட்டும் எடுக்கவில்லை, பணியில் இருந்திருப்பார். காலையில் திடலில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் டிரைவரைக் காணோம். எதிரணியை நாலு பேரோடு ஆரம்பித்தார்கள். ஐந்தாவது நிமிடம் தம்பி ஒரு கோல் போட்டான். எட்டாவது நிமிடம் இன்னொன்று. மூன்றாவது கோலின்போது கண்ணாடிக் கடை மச்சான் வழியில் நின்றிருந்தார். தம்பி நெருங்கியதும் கதவு திறக்கிற மாதிரி ஒதுங்கினார்.

"என்ன மச்சான், தூக்கமா?"

"உன் வேகத்துக்கு யாரு மாப்ள ஈடு குடுக்கிறது?"

நாலாவது பந்து தரையோடு உருண்டு போயிற்று. என் பேரப் பிள்ளை தவழ்கிற வேகம்தான். பேக்கரிக்காரர் அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்தார். என் தம்பி கையைத் தூக்கினான். பிறகு மெல்ல இறக்கினான். பேக்கரிக்காரரை ஒரு தரம் பார்த்தான், தன் முழங்காலை ஒரு தரம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்த முகம் இப்போது இல்லை.

அப்போதுதான் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து கையை ஆட்டினேன். வரவேற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு நேராக உள்ளே போனார்.

பந்து தம்பியிடம் இருந்தது. டிரைவர் வந்த வேகத்தில் அதை உதைத்து எடுத்தார். பந்தோடு என் தம்பியும் போனான். தோள் பட்டுக் குப்புற விழுந்தான்.

திடலே நின்றுவிட்டது.

"அறிவிருக்காய்யா உனக்கு?" என்று வாத்தியார் கத்தினார். "அக்கா அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்காங்க..." பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லலியே!" டிரைவர் வெலவெலத்துப் போனார். "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன்..."

தம்பி எழுந்தான். முழங்காலை மடக்கினான், நீட்டினான், ஒரு குதி குதித்தான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

"எத்தனை பேருக்கு?"

"எட்டுப் பேருக்கு. இவர் எடுக்கல."

திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாலு கோல்! நானும் என்னமோ வயசு குறைஞ்சு வந்திருக்கேன்னு உள்ளுக்குள்ள கெத்தா நெனச்சுக்கிட்டிருந்தேனே, பாவிங்களா!"

"நான் விழுந்தது எப்பிடி?" என்றார் பேக்கரிக்காரர்.

"அது மட்டும் நீங்க எப்பவும் போலத்தான் விழுந்தீங்க." டிரைவர் பக்கம் திரும்பி அவர் முதுகில் ஒன்று போட்டான். "இன்னைக்கு என்கூட ஆடின ஒரே ஆளு நீதான்யா. நாலு கோலும் செல்லாது. முதல்லேருந்து ஆடுவோம். அக்கா, நீ வாயைத் திறக்காம உக்காரு."

உட்கார்ந்தேன். மச்சான் அவனை இரண்டு முறை இடித்தார், ஒரு முறை சட்டையைப் பிடித்து இழுத்தார். டிரைவர் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார். தம்பி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, தனியாக நின்ற வாத்தியாருக்குப் பந்தைக் கொடுக்காமல் தானே அடித்தான். அது வலைக்கு மேலே போய்க் கிடங்குக் கூரையில் விழுந்தது.

"யோவ், கண்ணு தெரியுதா உனக்கு?" வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், காதுல விழல? உன்னை யாருய்யா ஆட்டத்துல சேர்த்தது?"

ஒன்பது மாதமாக எல்லோரும் அவனிடம் கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். என் தம்பி முகமெல்லாம் பல்லாக, "உமக்குக் குடுத்திருந்தா மட்டும் கிழிச்சிருப்பீரோ?" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே, பந்தை எடுக்கக் கிடங்கைப் பார்த்து ஓடினான்.