பல்லில்லாத நாய் கடித்த கதை

கால்நடை மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளராக அவளுக்குப் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அத்தனை வருஷமும் மேஜைமேல் கிடக்கும் பிராணியை அவள் நம்பினாள். அதைக் கொண்டுவந்த மனுஷரை நம்பியதே இல்லை. "ஒண்ணுமே குடுக்கலைம்மா" என்று சத்தியம் செய்வார்கள். நாய் வாந்தியெடுத்தால் மிட்டாய்க் காகிதம் வந்து விழும். வீட்டிலும் அதே புத்திதான். கணவர் காய்ச்சல் என்று படுத்தால், தெர்மாமீட்டரை அவளே வைத்துப் பார்த்தால்தான் காய்ச்சல். மருத்துவமனையில் அவளைத் "துப்பறியும் அக்கா" என்றார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை ஒருவர் கிழட்டுப் பழுப்பு நாயோடு வந்தார். "அப்பாவைக் கடிச்சிடுச்சு டாக்டர். ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அவளுக்குப் பொறி தட்டியது.

டாக்டர் மருந்தெடுக்க உள்ளே போனார். நாயைப் பிடிக்கிற சாக்கில் அவள் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கடைவாயில் இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. மற்றபடி வெறும் ஈறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே படுபாவி என்று அவள் மனசுக்குள் திட்டினாள்.

நாயின் பழைய சிகிச்சை அட்டையில் அவருடைய அப்பாவின் போன் எண் இருந்தது. "டாக்டர், ஒரு நிமிஷம் பொறுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று போன் போட்டாள்.

"ஐயா, உங்க நாய் உங்களைக் கடிச்சிடுச்சாமே?"

மறுமுனையில் பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவனைத் திட்டாதீங்கம்மா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நாளைக்கு முதியோர் இல்லத்துக்குப் போறேன், அங்க நாய் கூடாதாம். அவன் வீட்டுல பேத்திக்கு நாய் முடி பட்டாலே இழுப்பு வந்துடும். தெருவுல விட மனசு வரலை. கடிச்சிடுச்சுன்னாதானே டாக்டர் ஊசி போடுவாரு?"

பொய்யைச் சரியாகப் பிடித்தவள் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டாள். மகன் சுவரைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வெச்சுக்கறேன் ஐயா." யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

பெரியவரின் குரல் இறுகியது. "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க. உன்னை எப்படி நம்பறது? நாளைக்கே நீ அதைத் தெருவுல விட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

பத்தொன்பது வருஷமாக அவள் ஊரையே கேட்ட கேள்வி அது. தன்மேல் விழுந்தபோது சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை. பெரியவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"நம்பவே வேணாம் ஐயா. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுங்க. அது குரைக்கிறதை உங்க காதால கேட்டுட்டு அப்புறம் வையுங்க."