தட்டத்தில் வைத்த புகையிலை

வியாழக்கிழமைப் பின்னேரங்களில், லண்டன் மனோர் பார்க்கில் ஒரு நூலகத்தின் மேல்மாடியில் எங்களுக்கு ஓவிய வகுப்பு. எங்களுக்கு என்றால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண்கள் எட்டோ ஒன்பதோ பேர். நடத்தியது கவுன்சில், அதாவது இங்கத்தைய நகரசபை. எனக்குக் காலையில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுச் சமையலறையில் வேலை. கிழமையில் அந்த இரண்டு மணித்தியாலம்தான் யாரும் என்னிடம் சாப்பாடு கேட்காத நேரம். அதைப் பறிக்க யாராவது வந்தால் நான் கடித்தே விடுவேன். பிறகு நடந்ததையெல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஒஜிப்வே இனத்துப் பெண். கனடாவின் ஆதிக்குடிகளில் ஒரு குடி அது. வயதில் என்னைவிட இரண்டு மூன்றுதான் கூட இருக்கும். நாங்கள் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள், தான் கனடா என்று அவர் சொன்னதும் எங்கள் பெரியக்கா கையைத் தட்டி, "ஸ்காபரோவோ?" என்றார். எங்களுக்குக் கனடா என்றால் அதுதானே. பாதிச் சொந்தம் அங்கேதான் இருக்கிறது. ரீச்சர் சிரித்துவிட்டு, ஸ்காபரோவிலிருந்து ஒரு பகல் முழுக்கக் காரில் வடக்கே போனால் ஒரு பெரிய ஏரி வரும், அதன் கரையில் எங்கள் ஊர் என்றார். உங்கள் சொந்தக்காரர் வீடு வாங்கியிருக்கிற நிலமும் ஒரு காலம் எங்கள் உறவுக்காரருடையதுதான் என்று சேர்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என் தங்கச்சி அங்கே வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய படத்தை நான் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. பேசாமல் போனைப் பைக்குள் வைத்தேன்.

பெரியக்கா எங்களில் யாருக்கும் சொந்த அக்கா இல்லை. வகுப்பில் மூத்தவர், அவ்வளவுதான். கன காலம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எதை எடுத்தாலும் "ஜெர்மனியிலை எண்டால்" என்று தொடங்குவார். ஆங்கிலம் வராது, ஆனால் வாய் ஓயாது. அவர் சொல்வதை ரீச்சருக்கு ஆங்கிலத்தில் சொல்வதும், ரீச்சர் சொல்வதை அவருக்குத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. எந்தக் கிழமையும் மயில்தான் கீறுவார். ரீச்சர் கிண்ணத்தை வைத்துக் கீறச் சொன்னாலும் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு மயில் எட்டிப் பார்க்கும்.

ரீச்சர் இருபதுகளில் ஓவியம் படிக்க லண்டனுக்கு வந்தவர். இங்கே ஒரு வெள்ளைக்காரரைக் கட்டி, அது சரிவராமல் போய், தனியே இருந்தார். அவர் கீறுவது தண்ணீர் மட்டும்தான். ஆள் இல்லை, மிருகம் இல்லை, ஆளுயரக் கான்வஸ் துணி முழுக்கத் தண்ணீர். முதல் கண்காட்சியில் வந்தவர்கள், இதில் உங்கள் பண்பாடு எங்கே என்று கேட்டார்களாம். ஒரு கழுகு இறகு கீறியிருந்தால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர் இறகு கீறவில்லை. அதனால் வடக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு நாள், எங்களிடம் ஒரு நாள், இன்னும் எங்கெங்கோ என்று படிப்பித்துத்தான் சீவித்தார்.

ரயில் பாலத்துக்குக் கீழே வாடகைக்கு எடுத்த அறையில் அவர் வேலை செய்வார். துணிகளைத் தூக்கி அடுக்க ஒருமுறை நானும் போயிருந்தேன். மெல்லிய நிறத்தைப் பூசி, காயவிட்டு, பழந்துணியால் துடைப்பார். பிறகு பூசுவார், பிறகும் துடைப்பார். மாதக் கணக்கில் இதே வேலை. அன்றைக்கு ஒரு படத்தின் முன்னால் நின்று, இது பொய் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"வசந்தம் தொடங்கும்போது ஏரியில் பனிக்கட்டி உடையும். அந்தச் சில நாட்கள் மட்டும் தண்ணீருக்கு ஒரு நிறம் வரும். அதைத்தான் நான் இவ்வளவு காலமும் கீறினேன். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போனபோது கடைசியாகப் பார்த்தது. இப்போது கண்ணை மூடினால் அது வருவதில்லை. நான் கீறுவது தேம்ஸ் ஆறு."

எனக்கு அந்தப் படம் நல்ல வடிவாகத்தான் இருந்தது. வடிவாக இருக்கிறது என்று சொல்லவும் பயமாக இருந்தது. தூசி தட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றேன்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை ரீச்சர் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் படிப்பிக்க அவரைக் கேட்டிருக்கிறார்கள். பங்குனிக்குள் போய்ச் சேர வேண்டும். பனிக்கட்டி உடையும்போது அங்கே நிற்பேன் என்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடம் விட்டதும் படலையைத் தாண்டி ஓடும் பிள்ளையின் முகம். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். தட்டிய கை ஆறுமுன் கவுன்சில்காரி வந்து, இந்த ரீச்சர் போனால் வேறு ஆள் போடமாட்டோம், வகுப்பை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று இரவே பெரியக்கா போன் எடுத்தார். "பிள்ளை, நாங்கள் எல்லாரும் போய்க் கேப்பம். ஆடி மாசம் வரைக்கும் நிண்டிட்டுப் போகட்டும். அதுக்குள்ளை கவுன்சிலோடை பேசி ஒரு வழி பண்ணலாம்."

"அந்த மனுசிக்கு ஊருக்குப் போற சந்தோஷம் அக்கா. கேக்கிறது சரியில்லை."

"கேட்டால் தலையே போகும்? ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லட்டும். வெறுங்கையோடை போகேலாது, நான் சாமான் வாங்கிறன்."

கேட்டால் தலையா போகும் என்று நானும்தான் நினைத்தேன்.

அடுத்த வியாழன் பெரியக்கா வெள்ளித் தட்டத்தோடு வந்தார். ஈஸ்ட் ஹாமில் வாங்கிய வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். நடுவில் ஒரு பொதி புகையிலை. பக்கத்தில் ஒரு சிவப்பு லைட்டர். வகுப்பு தொடங்குமுன் ரீச்சர் கோட் பையிலிருந்து சின்னத் தகரப் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போவதை நாங்கள் கிழமைக்குக் கிழமை கண்டிருக்கிறோம். பேணியில் புகையிலை மணக்கும். பாவம், சிகரெட் சுத்திக் குடிக்கிறா போலை என்று பேசிக்கொள்வோம். "வெத்திலையோடை போயிலை வைக்கிறது எங்கடை வழக்கம்தானே, அவவுக்கும் உதவும்" என்றார் பெரியக்கா. லைட்டர், கடைக்காரர் சொல்லி வாங்கியதாம்.

பெரியக்கா தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள், பெண் கேட்டு வந்த மாப்பிள்ளைப் பகுதி மாதிரி. "ரீச்சர், ஆடி மாசம் மட்டும் எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ. இதை எங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கோ." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

ரீச்சர் தட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடக்கையை நீட்டிப் புகையிலையை மட்டும் எடுத்தார். பெரியக்காவின் முகம் சுருங்கிப்போனது. "இடக்கையாலை வாங்கிறா பார்" என்று என் காதுக்குள் முணுமுணுத்தார். "சரி. ஆடி மாதம் வரை" என்றார் ரீச்சர். எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள். வாழைப்பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ரீச்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். மடியில் அந்தப் பொதி.

"எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்பதென்றால் புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கேட்டதைச் செய்ய மனமில்லையென்றால் அதைத் தொடக் கூடாது. கையில் வாங்கிவிட்டால் செய்தே ஆக வேண்டும். இடக்கையால் வாங்குவோம், அதுதான் நெஞ்சுக்குக் கிட்ட இருக்கிற கை" என்றார். பொதியைத் தடவிவிட்டு, "இந்த நகரத்தில் இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார்.

தகரப் பேணி எதற்கு என்று கேட்டேன். வாசல் மரத்தடியில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவாராம். வாழ்க்கையில் ஒரு சிகரெட் குடித்ததில்லையாம்.

ஐயோ! ரீச்சர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் சிகரெட் குடிக்கிறீர்கள் என்று நினைத்துத் தந்தது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி இருந்தேன். அவர் அந்தப் பொதியைப் பிடித்திருந்த விதம் அப்படி. என் இறக்கம் வந்தது, இறங்கினேன்.

பெரியக்காவுக்குப் போன் அடித்தேன். "நான் பாவி! வெத்திலை வைச்சு ஒரு மனுசியைக் கட்டிப் போட்டிட்டன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "நீ போய் உண்மையைச் சொல்லு" என்றார்.

"நீங்கள்தானே குடுத்தது, நீங்கள் சொல்லுங்கோ."

"எனக்கெங்கை இங்கிலிஷ் வரும்?"

"ஜெர்மனில சொல்லுங்கோவன்!"

பெரியக்கா சன்னக் குரலில் சொன்னார். "சொன்னால் என்ன நினைப்பா பிள்ளை? மதிச்சுக் கேட்டவையள் எண்டெல்லோ சந்தோஷப்பட்டவ. அதையும் பறிக்கிறதே?"

சொன்னால் அந்த மனுசி போகலாம், ஆனால் இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரு மரியாதை பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் மரியாதை இருக்கும், அவர் இங்கேயே கிடப்பார். எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிகிற துணி. சோற்றை இறக்கும்போதும் யோசித்தேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கரண்டியால் பட்டாணி அள்ளிப் போடும்போதும் யோசித்தேன். பிரயோசனமில்லை. வியாழன் வந்தது, போனது, பிறகும் வந்தது.

மாசி முடிவில் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆடி வரை காத்திருக்க முடியாது என்று வேறு ஒருவரை எடுத்துவிட்டது. ரீச்சர் அதைச் சொன்னபோது தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் தங்க இருந்த வீடும் அந்த வேலையோடு வந்ததுதானாம். கழுவி முடித்த தூரிகையைத் திரும்பவும் கழுவினார். பங்குனியில் பனிக்கட்டி அவர் இல்லாமலே உடைந்தது. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் மகள் போனில் அனுப்பிய படத்தை எங்களுக்குக் காட்டினார். "போன் எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும்" என்று சொல்லி உடனே மூடிவைத்தார்.

ஈஸ்டர் லீவு முடிந்து போனால், வகுப்பறைக் கதவு பூட்டு. ரீச்சரும் எங்களோடு வெளியே நின்றார். கவுன்சில் அந்த அறையை வேறு யாருக்கோ வாடகைக்குக் கொடுத்துவிட்டது. ரீச்சர் இருந்தாலும் மூடத்தான் இருந்தார்களாம், முதலே முடிவெடுத்தாயிற்றாம். பெரியக்கா படியில் குந்தி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கவுன்சிலில் போய்க் கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் நான் கத்தி முடியும் வரை காத்திருந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது ரீச்சர் இன்னும் நூலக வாசல் மரத்தடியில் நின்றார். இனி மறைத்து ஆகப்போவது என்ன? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்களுக்கு உங்கள் வழக்கம் தெரியாது, சிகரெட்டுக்கென்றுதான் வாங்கினோம், நாங்கள் கேட்டது கேட்டதே இல்லை, நீங்கள் இன்றைக்கே போங்கோ, டிக்கெட்டை நாங்கள் சேர்ந்து போடுகிறோம் என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

ரீச்சர் என் கையைப் பிடித்தார். "தட்டத்தில் லைட்டர் இருந்ததே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அதைக் கண்டவுடனேயே எனக்குத் தெரியும். நீங்கள் தெரியாமல்தான் தந்தீர்கள். நான் தெரிந்துதான் வாங்கினேன்."

"அப்ப ஏன் வாங்கினீங்கள்?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவருக்கு அது விளங்கியது. வியாழக்கிழமை யார் வீட்டில் வகுப்பு என்று கேட்டார்.

வகுப்பு இல்லை, அறை இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் ஆடி வரை என்று வாங்கியவர் ஆடி வரை வந்தார். பெரியக்காவின் முன் அறையில், சோபாக்களைத் தள்ளிவிட்டுப் பழைய பெட்சீட் விரித்துக் கீறினோம். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். வந்துகொண்டேதான் இருந்தார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆடியில் கடைசி வகுப்பன்று பெரியக்கா மயில் கீறவில்லை. "பிள்ளை, ரீச்சரிட்டைக் கேள். அவவின்ரை குளம் என்ன நிறம்? நான் அதைக் கீறி அவவுக்குக் குடுக்கப் போறன்" என்றார். குளமில்லை அக்கா, கரை தெரியாத ஏரி என்று திருத்திவிட்டு, கேட்டேன்.

ரீச்சர் சாயத் தட்டை வாங்கி நிறம் கலந்தார். நீலத்தில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வெள்ளை, துளி கறுப்பு. கடதாசியில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, துடைத்தார். திரும்பக் கலந்தார், துடைத்தார். போத்தல் தண்ணீர் கலங்கிச் சாம்பலாகியது. நாங்கள் எல்லோரும் எங்கள் வேலையை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியாக ஒரு கோடு இழுத்தார். அதைத் துடைக்கவில்லை. அந்த ஏரியை வாழ்க்கையில் கண்ணாலும் காணாத எங்கள் பக்கம் கடதாசியைத் திருப்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார்.

"இதுவா?"