அப்பா கட்டிய சால்வடோர்

குவைத்தில், ஃபஹாஹீலில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு துறைமுக நகரத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். என் தோழிக்குச் சிங்கப்பூர். எனக்குப் பிரேசிலில் இருக்கும் சால்வடோர். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன்.

அந்த மாதம்தான் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் விசா முடிவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாது. அப்பா லீவில் இருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள்; என் ப்ராஜெக்டுக்காகத்தான் லீவு என்று மீதியை நானே முடிவுசெய்துகொண்டேன். ஹாலில் ஊருக்குச் சாமான் அனுப்பும் கார்கோ அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியபோது, ஒரு ஊர் செய்ய இவ்வளவு அட்டை எதற்கு என்று பெரிய மனுஷி போலக் கேட்டேன். அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா ஒரு பெட்டியை வெட்டிச் சால்வடோரைக் கட்ட ஆரம்பித்தார். மேட்டின்மேல் பாதி ஊர், கடலோரம் பாதி ஊர், இரண்டுக்கும் நடுவே நிஜமாகவே ஒரு லிஃப்ட் உண்டு. அதைத் தீப்பெட்டியும் நூலும் வைத்து ஏறி இறங்க வைத்தார். நடுநடுவே போனில் யாரிடமோ "பரவால்லைங்க சார்" என்பார். மறுபடி பசை தடவுவார். அப்பாவோடு அத்தனை பகல்கள் எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் இல்லை. இன்றைக்கும் பசை வாசம் வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போர்ச்சுக்கீசியர் கட்டிய ஊர், பிரேசிலின் முதல் தலைநகரம், அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிச் சர்க்கரையை ஏற்றியனுப்பிய துறைமுகம் என்று அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தேன். பிறகு தலைநகரம் ரியோவுக்குப் போய்விட்டதாம். அங்கேதான் எனக்கு இடித்தது. எங்கள் வகுப்பில் யாருடைய அப்பாவுக்காவது வேலை போனால் அடுத்த மாதம் குடும்பமே ஊருக்குப் போய்விடும், வகுப்பில் அந்த இடம் காலி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"கேபிடல் போயிட்டா, அங்க வேலை பாத்தவங்கள்லாம் எங்க போனாங்கப்பா?"

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "எங்கயும் போகலை கண்ணு. அங்கயேதான் இருந்தாங்க. அவங்க ஊருதானே அது."

கண்காட்சியில் கூட்டமெல்லாம் என் லிஃப்டைச் சுற்றித்தான். டீச்சர் மைக்கை நீட்டியதும் மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கடைசியில், தலைநகரம் போனாலும் ஜனங்கள் போகவில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஊர், எங்களுக்கு ஃபஹாஹீல் மாதிரி என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் தட்டாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். கார் வெயிலில் நிற்கிறது, நான் ஏறுவதற்குள் ஏசி போட்டு வைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.