பத்துத் தலையும் ஒற்றைக்கண்ணும்

கிண்ணியாவில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குத் திருகோணமலையிலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார். சைவப் பெண். ஒருநாள் சோற்றுக்கோப்பைக்கு முன்னாலிருந்து மகள், "உம்மா, இராவணனுக்குப் பத்துத் தலையாம்" என்றாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த டீச்சர் கதை சொல்லியே பிள்ளையின் மனதை எங்கட மார்க்கத்திலிருந்து மாற்றப் பார்க்கிறாளோ?

மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பறை யன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்றேன். இராவணன் வாளால் கோணமலைப் பாறையைப் பிளந்த கதையை முடித்துவிட்டு டீச்சர் கேட்டார்: "இது உண்மையா நடந்ததா, கதையா?"

"கதை டீச்சர்" என்று எழும்பினாள் என் மகள். "ஆனா தோணித்துறையில தண்ணிக்குள்ள ஒற்றைக்கண் கிழவி இருக்கிறா. தனியாப் போற பிள்ளைகளை இழுத்துப்போடுவா. அதுதான் உண்மை."

"ஆர் சொன்னது?"

"எங்கட உம்மா. அவ கண்டவ."

பிள்ளை கடல் பக்கம் தனியாகப் போகாமலிருக்க நான் கட்டிவிட்ட கதை அது. யன்னலுக்குக் கீழே அப்படியே குந்திவிட்டேன். டீச்சர் தன் கதையைக் கதை என்றே சொல்லிக் கொடுத்திருந்தார். நான் என்னுடையதைச் சத்தியம் பண்ணியல்லவா கொடுத்திருந்தேன்!

பின்னேரம் மகள் என் முகத்தையே பார்த்தபடி, "உம்மா, நீங்க மெய்யாவே கண்டனீங்களா?" என்று கேட்டாள். காலையில் என் கண்ணில் இருந்த சந்தேகம் இப்போது அவள் கண்ணில் இருந்தது.

வாசலுக்கு எதிரே கடல் கிடந்தது.

"ஓம், கண்டனான்" என்றேன்.